வட்டமாக அரித்தால் அது பங்கசா, ஒவ்வாமையா?

இடுப்பில் வட்டமாக அரிக்கிறது, இது பங்கசா அல்லது சோப்பினால் வந்த ஒவ்வாமையா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் திருகோணமலையைப் போன்ற புழுக்கமான ஊரில், வியர்வை காயாத உடையோடு வேலை செய்பவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நான் வைத்தியம் படித்தவன் அல்லன். ஏளனம் செய்ய விரும்புவோர் முழுவதையும் வாசித்துவிட்டுச் செய்யட்டும்.

என் அண்ணன் கடற்றொழிலாளி. ஈரச் சாரத்தோடு பல மணிநேரம் படகில் நிற்பவர். அவருடைய இடுப்பில் தோன்றிய வட்டத்தின் ஓரம் சற்று மேடாகச் சிவந்து, பொடிப்பொடியாகச் செதில் உதிர, நடுப்பகுதி மட்டும் தெளிந்துவருவதைக் கண்டு, இது படர்தாமரை என்னும் பங்கசுத் தொற்று என்று அன்றே சொன்னேன். உப்புத் தண்ணீர் அரிப்பு என்றார் அண்ணி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் போய்விடும் என்றவர்களும் உண்டு. பாமசியில் தோலைப் பாராமலே ஒரு ரியூப்பைக் கொடுத்தார்கள். சில நாட்களில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிட, வீட்டில் நான் பகடிக்கு ஆளானேன். பூசுவதை நிறுத்தியதும் அது தொடைவரை பரவியது. இம்முறை மேடான ஓரமும் இல்லை, செதிலும் இல்லை.

தோல் வைத்தியர் ரியூப்பைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். அதிலிருந்த ஸ்டீரொயிட், தோலின் எதிர்ப்பை அடக்கி அறிகுறிகளை மறைத்துவிட, அதனடியில் பங்கசு தடையின்றி வளர்ந்திருக்கிறது. இவ்வாறு உருமாறிய படர்தாமரைக்கு 1968 இலேயே மருத்துவத்தில் தனிப்பெயர் இட்டுவிட்டார்கள் என்றால், இது எவ்வளவு பழைய தவறு என்று பாருங்கள். (எல்லாப் பாமசிக்காரரும் அப்படியல்லர் என்பதை நானும் அறிவேன்.) தோலைச் சுரண்டியெடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தே உறுதிசெய்தார்கள்.

ஆகவே மருந்து பூசுவதற்கு முன் ஓரத்தைப் பாருங்கள். சோப்பு ஒவ்வாமை பெரும்பாலும் பட்ட இடமெங்கும் சிவக்கும். நாணயம் போன்ற எக்ஸிமா என்னும் தோல் அழற்சியில் நடுப்பகுதி தெளியாமல் செதிலோ கசிவோ இருக்கும். மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வெளிறிய திட்டுகள் வந்து, அரிப்பு குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் தேமல், அதுவும் பங்கசுதான். வெளிறிய இடத்தில் தொடுவுணர்ச்சி குன்றியிருந்தால் மட்டும் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். தொழுநோய்ப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே எதையாவது பூசியிருந்தால், வைத்தியரிடம் போகும்போது அந்த ரியூப்பையும் கொண்டுபோங்கள்.