மார்த்தாண்டமா, திருவனந்தபுரமா, சென்னையா: ஒரு நர்ஸ் பிள்ளையோட சம்பளக் கணக்கு

கேள்வி: அக்கா, எனக்கு களியக்காவிளை பக்கம். வயசு 23, பிஎஸ்சி நர்சிங் முடிச்சு ஒரு வருசம் ஆகப்போவுது. இப்ப மார்த்தாண்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 12,500 சம்பளம். திருவனந்தபுரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில 22,000-க்கு கூப்பிடுறாங்க. சென்னையில 21,000, அவங்க ஹாஸ்டல் உண்டு, 4,500 பிடிப்பாங்க, சாப்பாடு நம்ம செலவு. படிப்புக் கடன் 3.6 லட்சம், அடுத்த மாசத்துல இருந்து கட்டணும். அப்பா ரப்பர் பால் வெட்டுறாரு, மழைக்காலத்துல வேலை கிடையாது. தம்பி பிளஸ் டூ. இதுக்கிடையில ஒரு ஏஜென்ட் குவைத்துக்கு 5 லட்சம் கேக்குறாரு, வீட்டு ஆதாரத்த (பத்திரத்த) வச்சா கடன் கிடைக்கும்னு மாமா சொல்றாரு. நான் எங்க போறது?

பதில்: மக்களே, மொதல்ல அந்த ஆதாரத்த எடுத்து அலமாரிக்குள்ள வச்சு பூட்டு. மத்தத பெறவு பேசுவோம்.

குவைத், சவூதி, ஓமன், கத்தார் மாதிரி 18 நாட்டுக்கு நர்ஸ் வேலைக்கு போகணும்னா எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (மத்திய அரசோட அனுமதி) வேணும், 2015-ல இருந்து அதுக்கு அரசு அங்கீகாரம் உள்ள ஏஜென்சி வழியாத்தான் போகணும்னு விதி இருக்கு. தமிழ்நாட்டு அரசுக்கு சென்னையில ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கு, கேரளாவுக்கு நோர்க்கா, ஒடெபெக். சர்வீஸ் சார்ஜா வாங்கக்கூடிய உச்சமே 30,000 ரூபாயும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும்தான், அதாவது 35,400. அப்ப 5 லட்சம் எதுக்கு? 2015-ல குவைத் நர்ஸ் வேலைக்கே 19,500 வாங்க வேண்டிய இடத்துல 19.5 லட்சம் வாங்கினாங்கன்னு கொச்சியில சிபிஐ கேஸ் ஆச்சு, நூறு மடங்கு பாரு. உன் மாமா நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாரு, ஆனா வேற ஒருத்தன் வீட்டு ஆதாரத்த வச்சு வெளிநாடு போறதுக்கு யோசனை சொல்றது எல்லாருக்கும் எளுப்பம்தான்.

வளைகுடாவே வேண்டாம்னு நான் சொல்லல. எங்க மைனி சவூதியில 11 வருசம் நர்சா இருந்துதான் ரெண்டு நாத்தனாருக்கும் கல்யாணம் முடிச்சாங்க, அதுல ஒருத்தி நான். ஆனா அங்க நல்ல ஆஸ்பத்திரிங்க கேக்குறது ரெண்டு வருச அனுபவம், அதுவும் பெட் எண்ணிக்கை கூடின இடத்துல ஐசியு, கேஷுவால்டி மாதிரி வார்டுல. அந்த அனுபவ சர்ட்டிபிகேட்ட டேட்டாஃப்ளோன்னு ஒரு சரிபார்ப்புக்கு அனுப்புவாங்க, அவங்க ஆஸ்பத்திரிக்கே எழுதி கேப்பாங்க. உனக்கு இன்னும் ஒரு வருசம்கூட முழுசா ஆகல. அதனால இப்ப உள்ள கேள்வி குவைத் இல்ல, அடுத்த ரெண்டு வருசம் எங்க நிக்கிறதுங்கிறதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 3.6 லட்சத்துக்கு பலிசை (வட்டி) 10.5 சதவீதம், 7 வருசம்னு வச்சா இஎம்ஐ 6,070 வரும், மொத்தத்துல ஒண்ணரை லட்சம் பலிசையாவே போவும். பேங்க்ல ஒரு விசயம் கேளு: நீ கடன் எடுத்த நேரத்துல குடும்ப வருமானம் வருசத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து பலிசைய மத்திய அரசு குடுக்கிற திட்டம் உண்டு, உன் கணக்குல அது வந்திருக்கா இல்ல அந்த பலிசையும் முதலோட சேந்து கிடக்கான்னு. நிறைய பிள்ளைங்க இத கேக்கவே மாட்டாங்க.

மார்த்தாண்டத்துல 12,500-ல பிஎஃப் 1,500, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 94 போனா கையில 10,900 சொச்சம். பஸ் 900, வீட்டுக்கு 3,000, இஎம்ஐ 6,070. மிச்சம் 900 ரூபா. ஒரு கல்யாண வீட்டுக்கு மொய் எழுதினா முடிஞ்சுது.

சென்னை 21,000 கேக்க நல்லா இருக்கு. பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 158 கழிச்சா 19,040. ஹாஸ்டல் 4,500, சாப்பாடு குறைச்சு வச்சாலும் 4,500, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு வந்து போறது மாசத்துக்கு 1,000 கணக்கு, போன், சோப்பு, துணி 1,500. அதுல இஎம்ஐயும் போனா 1,470 நிக்கும். வீட்டுக்கு 3,000 அனுப்பணும்னா கையவிட்டு 1,530 போடணும். அதாவது மார்த்தாண்டத்துல இருந்து 8,500 ரூபா கூடுதல் சம்பளத்துக்கு 700 கிலோமீட்டர் தாண்டிப் போய் கடனாளி ஆவுற.

இப்ப திருவனந்தபுரம். இங்கதான் நம்ம எல்லைப் பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு வசதி இருக்கு: சம்பளம் கேரளாவுல வாங்கி, படுக்கிறதும் திங்கிறதும் நம்ம வீட்டுல. குழித்துறையில இல்லன்னா பாறசாலையில ரயில் ஏறினா நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி திருவனந்தபுரம் தம்பானூர்ல இறங்கலாம், சீசன் டிக்கெட் மாசத்துக்கு சில நூறு ரூபாதான். 22,000-ல பிஎஃப் 1,800 போனா 20,200. சீசன், ஸ்டேஷன்ல வண்டி நிறுத்துற காசு, ஆட்டோ எல்லாம் 1,000, கேன்டீன் 1,500, டே டூட்டி ராத்திரி எட்டு மணிக்கு முடியிற நாள்ல கூட வேலை பாக்குற பிள்ளைங்க ரூம்ல தங்க பங்கு 1,500, வீட்டுக்கு 3,000, இஎம்ஐ 6,070. கையில 7,100 நிக்குது. கேரளாவுல அரை வருசத்துக்கு ஒருக்கா தொழில் வரி பிடிப்பாங்க, அது பெரிய தொகை இல்ல. ஆனா ஒண்ணு, அங்க முழுசா ரூம் எடுத்து தங்கிட்டன்னா இந்தக் கணக்கு செத்துரும், சென்னை மாதிரியே ஆயிரும். தினம் மூணு மணிக்கூறு ரயில்லயும் ரோட்டுலயும் போவும், அத உன் உடம்பு தாங்குமான்னு நீதான் சொல்லணும்.

22,000-ல ஒரு பொடி விசயம் ஒளிஞ்சு கிடக்கு. இஎஸ்ஐக்கு சம்பள எல்லை 21,000. சென்னையில சரியா 21,000 குடுத்தா நீ உள்ள, உன்ன நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. 22,000-ல நீ வெளிய. அதனால மிச்சப் பணத்துல இருந்து மாசம் ஆயிரம் ஆயிரத்தைநூற ஒதுக்கி அப்பா அம்மாவுக்கு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் போடணும், பால் வெட்டுறவருக்கு கால் வழுக்கிச்சுன்னா அந்த மாச வருமானமும் சேந்துல்லா போவுது.

அப்புறம் அந்த 22,000 என்னன்னு கேளு. 2017-ல கேரளா நர்சுங்க ஸ்ட்ரைக் பண்ணி, 2018 ஏப்ரல்ல அரசு அறிவிச்ச குறைஞ்சபட்சமே 20,000, பெட் கூடக்கூட தொகையும் கூடும். அப்ப பெரிய ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு எல்லாம் சேத்து 22,000 குடுக்கிறாங்கன்னா ஆர்டர்ல உன் பேருக்கு நேரா ஸ்டாஃப் நர்ஸ்னு இருக்கா, டிரெயினின்னு இருக்கான்னு பாரு. டிரெயினின்னு ஒரு வருசம் ஓட்டினா சம்பளம் மட்டும் போவாது, அனுபவக் கணக்கும் சிக்கலாவும். சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016-ல மத்திய அரசு போட்ட கமிட்டியும் 50 பெட்டுக்கு குறைஞ்ச ஆஸ்பத்திரியிலயே 20,000 குடுக்கணும்னுதான் சொல்லிச்சு, நம்ம மார்த்தாண்டம் பக்கம் அது இன்னும் பஸ் ஏறல. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன மட்டும் வச்சு அங்க வேலை பாக்க முடியாது, கேரளா கவுன்சில்லயும் பதியணும், இப்பவே எழுதிப் போடு, இழுக்கும்.

கவர்மென்ட் வேலைய நீ கேக்கல, நானே சொல்றேன். எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியா தமிழ்நாட்டுல சேந்தா மொதல்ல ஒப்பந்தம், 2015-ல சேந்தவங்களுக்கு 7,700-ல ஆரம்பிச்சு இப்ப 18,000-க்கு வந்திருக்கு. ரெண்டு வருசத்துல நிரந்தரம்னு நம்பி சேந்து அதுக்கும் மேல எத்தனையோ வருசம் காத்துக் கிடந்து சென்னையில மருத்துவத்துறை ஆபீஸ் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்துல போய் போராட்டத்துல உக்காந்த பிள்ளைங்க கதை உனக்குத் தெரியும். நிரந்தரம் ஆனா அடிப்படை 35,400, அது நல்ல வேலை, பரீட்சைய எழுது, ஆனா அத நம்பி இஎம்ஐய நிறுத்தாத. எனக்கு உனக்கு கூடுதல் பொருத்தமா தோணுறது எய்ம்ஸ்காரங்க நர்ஸ் வேலைக்கு நடத்துற நார்செட் பரீட்சை. அடிப்படை 44,900, மேல டிஏ, நர்சிங் அலவன்ஸ், எடத்துல 80 சதவீதம் பெண்களுக்கு, பிஎஸ்சிக்காரங்களுக்கு அனுபவமே கேக்குறதில்ல. வருசத்துக்கு ரெண்டு தடவை வருது, ரெண்டு வருசத்துல நாலு தடவை எழுதலாம், அந்த ரயில்ல போற ஒண்ணரை மணிக்கூற புஸ்தகத்துக்கு குடு. மதுரையோ மங்களகிரியோ எங்க கிடைச்சாலும் போ, அப்ப வாடகை குடுத்தும் மிஞ்சும்.

மிச்சம் நிக்கிற 7,100-ல இன்சூரன்ஸ் போக முதல் ஆறு மாசம் ஒரு ஆர்டி (பேங்க்ல மாசாமாசம் கட்டுற சேமிப்பு) போட்டு 30,000 சேத்து வை, அது மழை மாசத்துக்கு. பெறவு கிடைக்கிறத படிப்புக் கடன்ல கூடுதலா கட்டு. அம்மா நகைச்சீட்டுல சேரச் சொல்லுவாங்க, வீட்டுல உன் கல்யாணப் பேச்சும் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன், கடன் பாதியாவுற வரைக்கும் சீட்டு வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லிக்கோ. வேலை மாறும்போது பிஎஃப்ப எடுத்துராத, பழைய நம்பர்லயே மாத்திக்கோ.

கையெழுத்து போடுறதுக்கு முன்னால அந்த வார்டோட போன மாச டூட்டி லிஸ்ட்ட காட்டச் சொல்லு. எட்டு மணிக்கு முடியிற டூட்டி மாசத்துல பத்து நாளுக்கு மேல வந்தா தங்குற செலவு நான் போட்ட 1,500-ல நிக்காது, அப்ப எனக்கு மறுபடி எழுது, கணக்க மாத்திப் பாப்போம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட வாங்கி வச்சிக்குவோம்னு சொன்னாங்கன்னா எழுதவே வேண்டாம், அடுத்த ரயில்ல ஏறி வீட்டுக்கு வந்துரு.