ஊருக்கு விடுமுறை, உங்களுக்கு ஷிஃப்ட்: ஆர்லாண்டோ தீம் பார்க் வேலை பற்றி வாசகர் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினால் புளோரிடாவிலிருந்து வரும் கடிதங்களில் பாதி தீம் பார்க் வேலையைப் பற்றித்தான் இருக்கும். அந்த ஊர்ப் பார்க்குகளில் சில சீசன்களுக்கு விடுமுறைக்கால ஆளாக நானும் நின்றிருக்கிறேன், அதனால் இந்த முறை அவற்றையெல்லாம் என்னிடம் தந்துவிட்டார்கள்.

டாம்பாவில் எம்.எஸ். படிக்கிறேன், எஃப்-1 விசா. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை லீவு. அந்த நாட்களில் மட்டும் ஆர்லாண்டோ போய் வேலை பார்க்கலாமா?
– மாணவர், டாம்பா

முடியாது தம்பி. எஃப்-1 விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது, கல்லூரி மூடியிருந்தாலும் இதே விதிதான். வளாகத்துக்குள்ளேயே நூலகம், உணவுக்கூடம் என்று கேட்டுப் பாருங்கள். செமஸ்டர் ஓடும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான், லீவு நாட்களில் முழு நேரமும் பார்க்கலாம். சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வெளியே வேலை பார்க்கத் தரும் அனுமதி) போட்டுப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அது படிப்போடு ஒட்டிய பயிற்சிக்கு, ரைடு வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கு அல்ல.

பெரிய பார்க்குகள் வேலை பார்க்கும் உரிமையைக் காட்டும் ஐ-9 படிவத்தைப் பார்க்காமல் யாரையும் சேர்க்காது. அதோடு 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தனியார் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ப்பவர்களை அந்த உரிமையைச் சோதிக்கும் இ-வெரிஃபை என்ற அரசு இணைய முறையில் சரிபார்க்க வேண்டும் என்று புளோரிடாவில் 2023 ஜூலை 1 முதல் சட்டமே இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் பார்க்குக்கு வெளியே, சுற்றுலாச் சாலையில் கடை போட்டுக்கொண்டு "கையில் காசாகத் தருகிறேன், பேப்பர் வேண்டாம்" என்று சொல்கிறவர்களிடம்தான். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சில நூறு டாலருக்காக விசா நிலையை இழந்தால், பிறகு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அது பின்னாலேயே வரும்.

பெரு, அர்ஜென்டினா மாணவர்கள் மட்டும் அதே டிசம்பரில் எப்படி வந்து வேலை பார்க்கிறார்கள் என்று தோன்றலாம். அவர்கள் தங்கள் நாட்டில் படித்துக்கொண்டே ஜே-1 விசாவில் நான்கு மாதம் வரை வேலை செய்ய வருகிறவர்கள். பூமியின் தென் பாதியில் உள்ள அந்த நாடுகளில் டிசம்பர்தான் கோடை விடுமுறை. அது வேறு வழி, உங்கள் விசாவுக்குப் பொருந்தாது.

என் மகளுக்கு 19 வயது, இங்கேயே பிறந்தவள். முதல் முறையாக சீசன் வேலையில் சேர்ந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டு நாளும் ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள், வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடுகிறது. இது நியாயமா? நான் என்ன செய்வது?
– ஒரு தாய், கிஸ்ஸிமி

சகோதரி, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் சீசனுக்கு ஆள் எடுப்பதே அந்த வாரத்துக்காகத்தான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரைதான் ஆர்லாண்டோவில் கூட்டம் உச்சத்தில் இருக்கும், டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்கா மாதிரி இடங்களில் எள் விழ இடம் இருக்காது, பூங்காவைக் காலையில் சீக்கிரம் திறந்து இரவு வெகு நேரம் கழித்து மூடுவார்கள். லீவு கேட்டாலும் கிடைக்காது. உடன் வேலை பார்ப்பவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வழி இருந்தால், அதையும் நவம்பரிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்.

சம்பளக் கணக்கை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பண்டிகை நாளுக்குக் கூடுதல் கூலி தர வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் இல்லை. அது நிறுவனத்தின் விதியையோ தொழிற்சங்க ஒப்பந்தத்தையோ பொறுத்தது, அதனால் சேர்ந்தபோது கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத கேளிக்கை இடங்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆகவே குளிர்காலத்துக்கு மட்டும் திறக்கும் விளக்குக் கண்காட்சி மாதிரி இடங்களில் சேருகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. புளோரிடாவில் குறைந்தபட்சக் கூலி ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் ஏறி 2026 செப்டம்பர் 30 அன்று 15 டாலரில் வந்து நிற்கிறது. டிஸ்னி வேர்ல்டில் அதைவிட அதிகம்: 2023-ல் தொழிற்சங்கங்கள் விடாமல் பேசி, அந்த ஆண்டு முடிவுக்குள் தொடக்கக் கூலியை மணிக்கு 18 டாலராக்கின. மேலிருந்து யாரும் தானாக இறங்கிவந்து கொடுத்த பணமில்லை அது, நின்று நின்று கால் வீங்கியவர்கள் கேட்டு வாங்கியது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் இரண்டு ஜோடி, மாற்றி மாற்றிப் போட. எட்டு, பத்து மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்கும்போது மலிவு ஷூவின் விலை முழங்காலில் தெரியும். ஊழியர்கள் காரை விடும் இடத்திலிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் பெரும்பாலும் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும், ஐ-4 நெடுஞ்சாலை அந்த வாரத்தில் ஊர்ந்துதான் நகரும், அதனால் ஷிஃப்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பட்டும். சாப்பாடு கட்டிக் கொடுங்கள். அரை மணி நேர பிரேக்கில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போய்விடும், தயிர் சாதம் டப்பாவில் இருந்தால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். நள்ளிரவில் வருகிற பிள்ளையிடம் அறிவுரை ஆரம்பிக்காதீர்கள். நாள் முழுக்க முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சிரித்துவிட்டு வருகிறாள், வீட்டிலாவது சிரிக்காமல் இருக்க விடுங்கள்.

புளோரிடாதானே, ஸ்வெட்டர் வேண்டுமா?
– வாசகர், ஆர்லாண்டோ

வேண்டும். பகலில் 22, 23 டிகிரி செல்சியஸ் இருக்கும், இரவில் அதில் பாதிக்கு இறங்கும், இடையிடையே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தால் இன்னும் கீழே போகும். சீருடைக்கு உள்ளே போடுகிற மாதிரி மெல்லிய உள்ளாடை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக் கிங்டம் கிறிஸ்துமஸ் விழாவில் பெய்கிற பனியோ சோப்பு நுரை, தரையை வழுக்க வைக்கும்.

ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, என் பையன் ஒரு விரல்கடை உயரம் குறைவு என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள். பண்டிகை நாளில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?
– வாசகர், அட்லாண்டா

ஐயா, அந்தப் பையனின் ஏமாற்றம் எனக்குத் தெரியும், அழுகிற குழந்தைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இதில் விட்டுக்கொடுக்க அந்த ஊழியருக்கு உரிமையே இல்லை, இருக்கவும் கூடாது. மேஜிக் கிங்டம் ரைடுகளையே பாருங்கள்: ஸ்பேஸ் மவுண்டனுக்குக் குறைந்தபட்ச உயரம் 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம், 97 சென்டிமீட்டர். இருக்கையின் பிடிமானத்தை எந்த உடலுக்காக வடிவமைத்தார்களோ அதை வைத்து வந்த அளவு இது. பண்டிகை என்று ஒருவரை ஏற்றிவிட்டு ஏதாவது ஆகிவிட்டால், அந்த இடத்தில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

வரிசையின் தொடக்கத்திலேயே அளவுகோல் இருக்கும், அங்கேயே நிற்க வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஊழியரை அளக்கச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். சின்னக் குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் போய் வந்ததும் இவர் முழு வரிசையும் நிற்காமல் போக டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்' என்ற ஏற்பாடு இருக்கிறது, கூடுதல் கட்டணம் கிடையாது. அப்புறம், அளந்து 'இல்லை' என்று சொன்ன பிள்ளையிடம் குரலை உயர்த்தாதீர்கள். அன்றைக்கு அவர் கேட்கிற முப்பதாவது சத்தமாக அது இருக்கலாம்.

மேஜிக் கிங்டமுக்கு அடியில் சுரங்கப்பாதை இருப்பது உண்மையா?
– வாசகி, சான்ஃபோர்ட்

உண்மை, ஆனால் தோண்டிய சுரங்கம் இல்லை. அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் தரை மட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் பூங்காவை அமைத்தார்கள். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோதே இது இருந்தது. பார்வையாளர்கள் நடப்பது உண்மையில் மாடியில். ஊழியர்கள் கீழே போய் வருவார்கள். டிசம்பர் கூட்டத்தில் மேலே பத்து நிமிடம் முட்டி மோதிப் போகிற தூரத்தைக் கீழே சட்டென்று கடந்துவிடலாம்.

ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்வார்களா?
– வாசகர், டெல்டோனா

சிலரை மட்டும். கூட்டம் குறையும் முன்பே, டிசம்பர் கடைசி வாரத்திலேயே உங்கள் லீடிடம் (குழுவைக் கவனிப்பவரிடம்) "பகுதி நேரமாகத் தொடர விருப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காதவரை யாரும் தேடி வர மாட்டார்கள். நேரத்துக்கு வந்தவர், கடைசி நேரத்தில் ஷிஃப்டைக் கைவிடாதவர் என்ற பெயர்தான் இதில் பேசும். தொடரவில்லை என்றால் சீருடை, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், கடைசிச் சம்பளத்தில் மணிக்கணக்கு சரியா என்று பாருங்கள், வீடு மாறியிருந்தால் புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை நிறுவனம் ஜனவரி 31-க்குள் அனுப்ப வேண்டும், அது பழைய வீட்டுக்குப் போனால் வரித் தாக்கல் நேரத்தில் அலைய வேண்டியிருக்கும்.