"ஞாபகம் இருக்கா"ன்னு கேக்கறத விடுங்க

கேள்வி: வணக்கமுங்க அக்கா. என் வீட்டுக்காரருக்கு 39 வயசு, போன தை மாசம் பைக் ஆக்சிடென்ட், ஹெல்மெட் போடல, 12 நாள் ஐசியூல கெடந்து பொழச்சு வந்தாரு. நல்லா நடக்கறாரு, பேசறாரு, கூட ஸ்கூல்ல படிச்சவங்க பேரெல்லாம் சொல்றாரு, ஆனா காலைல என்ன சாப்ட்டோம்னு தெரியல. மாத்திரை போட்டுட்டேங்கறாரு, பாத்தா அட்டைல அப்படியே இருக்கு. "என் வண்டி எங்க?"ன்னு ஒரு நாளைக்கு பத்து தடவ. மாமியார் "வேணும்னே பண்றான்"ங்கறாங்க. நானும் தினம் "நேத்து யார் வந்தா, சொல்லுங்க"ன்னு கேட்டு பழக்கறேன், கோவந்தான் வருது. வல்லாரை குடுக்கலாமா?
- பேர் வேண்டாம், ஈரோடு

பதில்: தங்கச்சி, வேணும்னே பண்ணல, இத மொதல்ல மாமியார்கிட்ட சொல்லிருங்க. தலைல அடிபடறப்ப மூளை உள்ள குலுங்கி, நெத்திப் பக்கமும், காதுக்கு முன்னால இருக்கற பொட்டுப் பக்கமும் எலும்புல போய் இடிக்கும், புதுசா நடக்கறத பதிய வைக்கற ஹிப்போகாம்பஸ் அந்தப் பொட்டுப் பக்கத்து உள்ளதான் இருக்கு. பழசு எப்பவோ பதிஞ்சு போனது, அதனாலதான் ஸ்கூல் பேரு வருது, இட்லி சாப்ட்டது வரல.

நீங்க பாசமாதான் கேக்கறீங்க, ஆனா அந்தக் கேள்விய நிறுத்திருங்க. அவர் குத்துமதிப்பா ஒரு தப்பு பதில் சொல்வாரு, நீங்க திருத்துவீங்க, திருத்துனது மறந்துரும், வாயில வந்த தப்பு மட்டும் தங்கிரும். பார்பரா வில்சன், ஆலன் பேட்லின்னு ரெண்டு பிரிட்டிஷ் சைக்காலஜிஸ்ட் 1994லயே இத காமிச்சாங்க, ஞாபகம் போனவங்களுக்கு தப்பே பண்ண விடாம சொல்லிக் குடுத்தா இன்னும் நல்லா நிக்கும். அதனால "நேத்து உங்க தம்பி வந்தாரு"ன்னு நீங்களே முந்திச் சொல்லிருங்க.

இன்னொன்னு, மனசு மறந்தாலும் கை பழகும். ஹென்றி மொலெய்சன்னு ஒரு அமெரிக்கர், வலிப்புக்காக 1953ல ஆபரேஷன் பண்ணி ரெண்டு பக்க ஹிப்போகாம்பஸ்லயும் ஒரு பெரிய பகுதிய எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா நடந்தது அனேகமா எதுவும் மனசுல நிக்கல. ஆனா கண்ணாடியப் பாத்து நட்சத்திரம் வரையறத நாளுக்கு நாள் நல்லா பண்ணாரு, முன்னாடி பண்ணதே ஞாபகமில்லாம. உங்க வீட்டுக்காரருக்கும் நாம கைக்குத்தான் பழக்கம் குடுக்கணும்.

சட்டைப் பாக்கெட்ல அடங்கற ஒரு நோட்டு, பேனாவ நூல்ல கட்டிருங்க, தேதி போட்டு நடந்தத நடந்த ஒடனே எழுதணும். மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா வாங்குங்க, கட்டம் காலின்னா போட்டாச்சு, சண்டையே இல்ல. அது வலிப்பு மாத்திரையா இருந்தா ஒரு வேளை கூட விடக்கூடாது. போன் அலாரத்துல வெறும் மணி போதாது, எதுக்கு அடிக்குதுன்னே தெரியாம அணைச்சுருவாரு, புள்ளைங்க குரல்லயே "அப்பா, மாத்திரை"ன்னு ரெக்கார்ட் பண்ணி வைங்க. மத்தியானம் கொஞ்சம் படுக்கட்டும், களைச்சுப் போனா மறதி கூடும். குடி சுத்தமா வேண்டாம்.

வல்லாரை போன ஞாபகத்தக் கொண்டு வரும்னு நான் சொல்ல மாட்டேன், தொவையலா சாப்ட்டா சாப்டட்டும், லேகியம் மாத்திரைன்னா டாக்டர்ட்ட கேக்காம குடுக்காதீங்க.

நோட்டுல மொத பக்கத்துல அவரையே எழுதச் சொல்லுங்க: எனக்கு தைல ஆக்சிடென்ட் ஆச்சு, வண்டி இந்த எடத்துல இருக்கு. அடுத்த தடவ வண்டி எங்கன்னு கேட்டா வாயால பதில் சொல்லாம, அவர் கையப் புடிச்சு பாக்கெட்டுக்கு மெதுவா கொண்டு போங்க. நெறைய தடவ பண்ண வேண்டியிருக்கும் தங்கச்சி, ஒரு நாள் அந்தக் கை தானா போகும்.