யானைக்கால்: காய்ச்சலை நிறுத்தலாம், காலைக் காக்கலாம்

அம்மாவுக்கு 58 வயது. இருபது ஆண்டுகளாக இடது கால் வீங்கியிருக்கிறது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்துவிடுகிறது. மாத்திரையை மறுபடி சாப்பிட்டால் கால் பழையபடி ஆகுமா?

ஆகாது. யானைக்கால் நோய், கொசு பரப்பும் ஒரு புழுவால் வருகிறது. மாத்திரை அந்தப் புழுவைத்தான் கொல்லும். புழு சிதைத்துவிட்ட நிணநீர்க் குழாய்களை (உடலில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்களை) சீராக்காது. ஆனால் அந்தக் காய்ச்சலை நிறுத்த முடியும். அது பெரும்பாலும் புழுவால் வருவதில்லை. விரலிடுக்கு வெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் நுழையும் பாக்டீரியாவால் வருகிறது. ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கிறது.

ஆகவே காலையும் இரவும் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் விடாமல் கழுவுங்கள். தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். சேற்றுப்புண் இருந்தால் மருத்துவர் தரும் களிம்பைப் போடுங்கள். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். கணுக்காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த நாளில் மட்டும் பயிற்சி கூடாது. வெந்நீர் ஒத்தடமும் பச்சிலைப் பற்றும் வேண்டவே வேண்டாம். ஈரத்துணி போட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பல குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த எளிய வேலைக்கு வருவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

வீட்டில் யாருக்கும் வீக்கம் இல்லை. வீடு தேடி வந்து கொடுத்த யானைக்கால் தடுப்பு மாத்திரையை வேண்டாம் என்றுவிட்டோம். சரிதானே?

தவறு. வீக்கமே இல்லாதவர் இரத்தத்திலும் நுண்புழுக்கள், அதாவது அந்தப் புழுவின் குஞ்சுகள், இருக்கலாம். கொசு அவரிடமிருந்தே எடுத்துச் செல்கிறது. தாய்ப்புழு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து இலட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். ஊரே சேர்ந்து ஆண்டுதோறும் விழுங்கினால்தான் சங்கிலி அறும். டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகளுக்குப் பின் சிலருக்குத் தலைவலி, காய்ச்சல் வருவது புழு சாவதால்தான். ஓரிரு நாளில் அடங்கிவிடும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் சாப்பிடக் கூடாது. விடாமல் முயன்ற இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது.

பகலில் இரத்தம் பார்த்தார்கள். புழு இல்லை என்றார்கள். நம்பலாமா?

நுண்புழு பகலில் நுரையீரலின் நாளங்களில் ஒதுங்கி, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவில் வெளியே உலவும். இரத்தப்பூச்சு (கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) என்றால் இரவு 10 மணி முதல் 2 மணிக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டுப் பார்க்கும் அட்டைச் சோதனைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

அக்காவுக்குக் கால் வீக்கம் என்பதால் தங்கையின் வரன் தட்டிப்போகிறது. பரம்பரை நோயா?

இல்லை. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும், மணந்தாலும் ஒட்டாது. கொசுவைத் தவிர வேறு வழியே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்க வையுங்கள்.

அப்பாவுக்கு விரைவீக்கம் (விதைப்பை வீக்கம்). வெளியில் சொல்லக் கூசுகிறார்.

இதே புழுவால் ஆண்களுக்கு வரும் பாதிப்புதான் அது. கால் வீக்கத்தைப் போலன்றி, இதற்கு அறுவை சிகிச்சையில் தீர்வு உண்டு. அரசு மருத்துவமனையிலேயே செய்வார்கள். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.