ஆஸ்துமா வந்துவிட்டால் விமானியின் மருத்துவச் சான்று புதுப்பிக்கப்படாதா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் என் ஊர். வயது 34. தனியார் விமான நிறுவனமொன்றில் துணை விமானியாக இருக்கிறேன். ஆனி மழையில் விடுப்புக்கு வந்திருந்தபோது ஒரு நள்ளிரவில் மூச்சிரைப்பு கடுமையாகி, இங்குள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். நெபுலைசர் வைத்தார்கள், இப்போது இன்ஹேலர் எடுத்து வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிறுவயது முதல் ஆஸ்துமா’ என்று இருக்கிறது. அம்மா சொன்னதை அப்படி எழுதிவிட்டார்கள். ஆறேழு வயதில் எனக்கு இழுப்பு வந்தது உண்மை. அதன் பிறகு வந்ததே இல்லை. முந்தைய பரிசோதனைகளில் இதை நான் குறிப்பிடவில்லை. அடுத்த மாதம் முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இம்முறையும் சொல்லாமல் விட்டுவிடு என்கிறார் மாமா. சொன்னால் உரிமம் போய்விடுமா?

பதில்: உங்கள் மாமா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்த யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம், 2024 நடைமுறைக்கு வந்துவிட்டாலும், 1937-ஆம் ஆண்டு விமான விதிகள் தொடர்ந்து செல்லுபடியாகின்றன. தகவலை மறைத்தோ தவறான தகவல் தந்தோ பெற்ற உரிமத்தை, உரியவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்த பின், நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அவ்விதிகளில் 19-ஆம் விதி அதிகாரம் தருகிறது. ஆஸ்துமா என்பது மருத்துவர் முன் வாதாடக்கூடிய விஷயம். இன்று தகுதியில்லை என்றாலும் சில மாதங்களில் நிலை மாறலாம். மறைத்தது வெளிப்பட்டால் வாதாட உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

தகுதியை அளக்கும் அளவுகோலைப் பாருங்கள். இந்தியா கைச்சாத்திட்ட பன்னாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தமான சிகாகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, ஆஸ்துமா என்ற பெயரைக் கண்டதும் ஒருவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. குறிப்பிடத்தக்க தொல்லை தரும் ஆஸ்துமாவும், சாதாரணப் பறத்தலிலோ அவசர நிலையிலோ விமானியைச் செயலிழக்கச் செய்யக்கூடிய ஆஸ்துமாவும்தான் தகுதியின்மைக்குக் காரணமாகின்றன. பறக்கும் பணியைப் பாதுகாப்பாகச் செய்ய இடையூறில்லாத மருந்துகளை உட்கொள்வது தடையாகாது. பயண உயரத்தில் விமானத்தின் உட்காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்கு ஒப்பாகும், காற்றும் வறண்டிருக்கும், விமானி அறைக்குள் புகை பரவினால் ஆரோக்கியமான நுரையீரலே திணறும். அந்த நேரத்தில் உங்கள் மூச்சு நிற்குமா, தாங்குமா என்பதே பரிசோதகரின் கேள்வி. ஆகவே உங்கள் ஆவணங்களும் அந்தக் கேள்விக்கே விடை சொல்ல வேண்டும்.

‘நலமாக இருக்கிறார், பணிக்குச் செல்லலாம்’ என்ற ஒற்றை வரிச் சான்றால் பயனில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நீங்கள் நம்பும் வேறிடத்திலோ நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்து, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் திறன் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இரவில் இருமியோ மூச்சு முட்டியோ விழிக்கிறீர்களா, எத்தனை நாளுக்கு ஒருமுறை அவசர இன்ஹேலர் தேவைப்படுகிறது, எது தூண்டுகிறது, ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டதா, எப்போது நிறுத்தப்பட்டது ஆகியவை அவரது கடிதத்தில் தேதியோடு இருக்கட்டும். சான்றுக்காக இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது; அது சட்டச் சிக்கலுக்கு முன்னால் உயிருக்கே ஆபத்து.

இனி ‘சிறுவயது முதல்’ என்ற அந்த இரண்டு சொற்கள். இடைவிடாமல் 28 ஆண்டுகளாக நோய் இருந்ததாக அவை பொருள்படுகின்றன; நீங்கள் சொல்வதோ, குழந்தைப் பருவத்தில் வந்து நின்றுபோன இழுப்பு. முழுச் சிகிச்சைப் பதிவுகளையும் எழுத்துமூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். பிறகு சிகிச்சையளித்த மருத்துவரிடம் உண்மை நிலையை விளக்கி, தேதியிட்ட தனி விளக்கக் கடிதம் பெறுங்கள். பழைய பதிவை அடித்துத் திருத்தித் தரும்படி யாரையும் கேட்காதீர்கள். அது உங்களையும் மருத்துவரையும் சேர்த்தே சிக்கவைக்கும்.

முந்தைய படிவங்களின் நகல்களை எடுத்துப் பாருங்கள். ‘எப்போதாவது ஆஸ்துமா இருந்ததா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று கையெழுத்திட்டிருந்தால், இப்போதைய படிவத்தில் குழந்தைப் பருவ இழுப்பையும் சேர்த்துச் சொல்லி, முன்பு விட்டுப்போனதற்கான உண்மையான காரணத்தையும் சுருக்கமாக எழுதுங்கள். அதனால் கேள்வியே எழாது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் தாமாக முன்வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் விசாரணையில் யாரும் ஒரே தட்டில் வைப்பதில்லை. எழுதும் முன் நகல்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

சான்றின் காலம் முடியவில்லையே என்று அதுவரை பறக்கவும் கூடாது. உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த விமானி உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதே முதலாம் இணைப்பின் விதிதான். நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, மருத்துவ விடுப்பில் இருங்கள்.

தற்காலிகத் தகுதியின்மை என்று முடிவானால் உரிமம் பறிபோனதாகப் பொருளில்லை. தகுதி மீளும்வரை அதைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவே. காரணத்தை எழுத்தில் பெற்று, நிபுணரின் புதிய அறிக்கையோடு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் தாமதமின்றி மறுபரிசீலனை கேளுங்கள். காரணம் தரப்படாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் கோப்பைக் கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் பிறகே அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். குமரி மாவட்டம் மதுரை அமர்வின் எல்லைக்குள் வந்தாலும், இயக்குநரகம் டெல்லியில் இருப்பதால், வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதியாவது இங்கு எழுந்ததாகக் காட்ட வேண்டும். இங்கே குடியிருப்பது மட்டும் போதாது. நீதிமன்றம் மருத்துவரின் இடத்தில் அமர்ந்து நுரையீரலை மதிப்பிடாது. காரணம் சொல்லாத உத்தரவையும், விதியை மீறிய நடைமுறையையும்தான் அது திருத்தும்.

உடல்நலக் குறைவால் உரிமத்தைப் பயன்படுத்த முடியாமல் போனால் ஈடு தரும் உரிம இழப்புக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியை இப்போதே படியுங்கள். முன்பே இருந்த நோய்க்கு விலக்கு இருந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் விரலை வைப்பது ‘சிறுவயது முதல்’ என்ற அந்த வரியில்தான். எனவே மருத்துவரின் விளக்கக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகு, பாலிசி சொல்லும் காலக்கெடு தவறாமல் அறிவிப்பை அனுப்பி, அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.