வரம் கிடைக்காவிட்டாலும் கடவுளை வணங்க முடியுமா?

"கேட்டது கிடைக்காதபோது ஏன் கும்பிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுதல் தவறில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நானும் கைகூப்பி அழுதுதான் கேட்பேன். ஆனால் கேட்டது வராத நாளில் நம் அன்பு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இதை, திருமாலைப் பாடிய ஆழ்வார்களில் ஒருவரான குலசேகர ஆழ்வாரைப் போல் நேராகச் சொன்னவர்கள் குறைவு. வித்துவக்கோடு என்ற தலத்தின் பெருமாளைப் பாடும்போது, பெற்ற தாய் சினந்து தள்ளினாலும் அவளையே நினைத்து அழும் குழந்தையைப் போன்றவன் நான் என்கிறார். அதே பதிகத்தில், கத்தியால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் காட்டுகிறார். அந்த நோயாளிக்கு வலி பொய்யில்லை. அறுப்பவர் யார் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு மிகவும் உதவிய உவமை இது.

இத்தனைக்கும் அவர் சேர நாட்டு அரசர்! திருவேங்கடத்தைப் பாடும்போது, விண்ணுலகை ஆளும் செல்வமும் மண்ணரசும் வேண்டாம், அந்த மலைச் சுனையில் மீனாகப் பிறந்தால் போதும் என்கிறார். கொக்காக, செண்பக மரமாக என்றும் ஆசைப்படுகிறார்; கோயில் வாசலில் படியாகக் கிடந்து பெருமாளின் பவளவாயைக் காண வேண்டும் என்றும் கேட்கிறார். படிக்கு என்ன லாபம்? அடியார்கள் மிதித்து ஏறுவார்கள். அவன் முகம் தெரியும். பெருமாள் கோயில்களில் கருவறை முன் உள்ள படியை இன்றும் குலசேகரப் படி என்றே அழைக்கிறோம். அடுத்த முறை போகும்போது, வேண்டுதலைச் சொல்வதற்கு முன் அந்தப் படியைச் சற்று நேரம் பாருங்கள்.