பாலிசி போட்ட பிறகு கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கிளையில் பாலிசிப் பதிவு பார்க்கிறேன். கேளுங்கள் மக்களே.

சார், களியக்காவிளை செக்போஸ்டில் பைக் நம்பரைத் தட்டிப் பார்த்த போலீஸ், 'இன்சூரன்ஸ் இல்லை' என்றார். பாலிசித் தாள் என் கையிலேயே இருந்தது! (மார்த்தாண்டம்)

அவர் பார்த்தது எங்கள் டேட்டாபேஸ் இல்லை தம்பி, ஒன்றிய அரசின் 'வாகன்' டேட்டாபேஸ். நாங்கள் பாலிசி போட்டதும் விவரம் அங்கே போகும். அங்கிருக்கும் சேஸிஸ், எஞ்சின் எண்களோடு பொருந்தவில்லை என்றால் ஏறாது. அடிக்கடி இடிப்பது சேஸிஸ் எண்தான். 17 இடம் கொண்ட அந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்று முதலிலேயே விலக்கிவிட்டார்கள். ஆனாலும் கவுண்டர் அவசரத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ விழுந்துவிடும். அந்த எழுத்தை அடித்தால் வாங்கவே கூடாது என்று மென்பொருளில் ஒரு தடை வைத்தால் போதும்; எல்லா இடத்திலும் வைப்பதில்லை. ஆர்சி நகலோடு பாலிசி எடுத்த கிளைக்குப் போங்கள், எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் திருத்தக் குறிப்பு) போட்டுத் திருத்துவார்கள். அதுவரை தாள் வண்டியிலேயே இருக்கட்டும்.

அப்பாவின் ஆயுள் காப்பீட்டு பாண்டு தொலைந்துவிட்டது. அப்பாவும் இல்லை. பெயரை வைத்துத் தேட முடியுமா? (குளச்சல்)

பெயர் மட்டும் போதாது அக்கா. நம் கடற்கரையில் எத்தனை ஆன்றணி! அதையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்திருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொருவரும் வேறு ஆள். முதலில் அப்பாவின் பேங்க் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். பிரீமியம் போன வரியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், சில சமயம் பாலிசி எண்ணே இருக்கும். அப்புறம் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் 'கோரப்படாத தொகை' பகுதியில் பிறந்த தேதியோடு தேடுங்கள். கோரப்படாமல் 10 ஆண்டு தாண்டிய பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போனாலும் நிறுவனம் வழியாகக் கேட்டு வாங்க வழி உண்டு.

போன வருட கிளெய்மைச் சொல்லாமல் வேறு கம்பெனிக்கு மாறினால் நோ-கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காதவருக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கிடைக்குமா? (தக்கலை)

கிடைத்தாலும் நிலைக்காது. பழைய கம்பெனியிடம் கேட்டு உறுதிசெய்வார்கள். எல்லாக் கம்பெனிகளின் தரவையும் திரட்டவென்றே 2009-இல் காப்பீட்டுத் தகவல் மையம் தொடங்கப்பட்டது. விபத்து நேரத்தில் குட்டு உடைந்தால் நஷ்ட ஈட்டில் கை வைப்பார்கள்.

என் நோய் விவரத்தை ஏஜென்ட் பார்க்க முடியுமா? (குலசேகரம்)

அவருடைய லாகினில் பிரீமியம், புதுப்பிக்கும் தேதி போன்றவை மட்டும்தான் தெரிய வேண்டும். மருத்துவக் கோப்பு கிளெய்ம் பிரிவுக்குரியது. ஆனால் விண்ணப்பத்தை அவரிடமே சொல்லி நிரப்பியிருந்தால், நீங்களே சொல்லிவிட்டீர்களே!